பிரேக் அடித்தால் மின்ன வேண்டுமாம்

போன வெள்ளிக்கிழமை பெருங்களத்தூர் தாண்டி பிரேக் அடித்தேன். பின்னால் வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில் வந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"நீ நிக்கிறது எனக்கு எப்டிப்பா தெரியும்? பிரேக் லைட்டே எரியல. உள்ள இம்மாம் ஜனம் கீது."

வண்டியை ஓரம் கட்டினேன்.

என்னுடையது பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. இரண்டே சீட். தாம்பரத்தைச் சுற்றி மாப்பிள்ளை அழைப்பு என்றால் அதைத்தான் கூப்பிடுவார்கள். பின்பக்கத்து மேட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஊர்வலம் போவேன். அதுதான் எனக்குச் சோறு. வேறு தொழில் தெரியாது. வியாழக்கிழமை அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. லைட் இல்லாமல் எப்படிப் போவது?

எலக்ட்ரீஷியன் வேலு என் ஷெட்டுக்கு வந்தான். நான் பெடலை மிதிக்க, அவன் பின்னால் குனிந்து பார்க்க... பல்பு மாற்றினான். எரியவில்லை. ஃபியூஸ் மாற்றினான். எரிந்தது. வண்டியை வெளியே எடுத்தேன். வாசல் பள்ளத்தில் ஒரு குலுக்கல் — அணைந்துவிட்டது.

"இத என்கிட்ட ஏண்ணா குடுக்கிற? திருநீர்மலைக்கு இட்டுகினு போ. பெருமாள் பாத்துக்குவாரு."

நான் சிரிக்கவில்லை. மறுநாளும் மிதித்தேன். முழங்கால் வலி கண்டதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை டிக்கியில் இருந்த விரிப்பைப் பிய்த்து ஒயரை வெளியே இழுத்தான். ஒயர் முழுக்க ஊசி ஓட்டை. உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

சீரியல் செட் பல்பு கட்டுகிறவர்கள் செய்த வேலை. பிரேக் அடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையைச் சுற்றி பல்பு மின்ன வேண்டும். ஊர்வலத்தில் அதுதானே வேடிக்கை? பிரேக் லைட் ஒயரில் ஊசி குத்தி கரண்ட் எடுப்பார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுசாக ஒரு குத்து.

வேலு புது ஒயர் போட்டான். லைட் அணையாமல் எரிந்தது. பிறகு பெடலுக்கு மேலே இருந்த பிரேக் லைட் ஸ்விட்சைக் கழற்றிக் காட்டினான். பாதி கருகியிருந்தது.

"தேய்ச்சுப் போடறேன். ஆனா இனிமே சீரியல் செட் மாட்டுனா இதுவும் பூடும். மெட்ராஸ் பூரா தேடினாலும் இது கெடைக்காதுண்ணா."

ஊசி குத்தாமல் ஒழுங்காக கனெக்‌ஷன் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். எப்படிக் கொடுத்தாலும் அத்தனை பல்பு லோடை அந்த ஸ்விட்ச் தாங்காது என்றான்.

புதன்கிழமை அஸ்தினாபுரத்துக் கல்யாணப் பெண்ணின் சித்தப்பா வந்தார். ஆபீஸ் உத்தியோகம். பல்பு இனி மின்னாது, தனி பேட்டரியில் சும்மா எரியட்டும் என்றேன். பஸ் வந்து நின்றதையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சும்மா எரியறதுக்கு எந்தக் காரா இருந்தா என்ன சார்? மாப்பிள்ளை வீட்ல மின்னுற கார்னு சொல்லிட்டோம். உங்க காரைத் தேடி வர்றதே அதுக்குத்தானே."

அவர் மேல் தப்பில்லை. குரோம்பேட்டையில் வேறு கார் பிடித்துக்கொண்டார்கள். அங்கே மின்னுமாம். சேதி பரவி, அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயந்தரம், ஊர்வலம் கிளம்பும் நேரம். ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பின்சுவர் சிவந்தது. விட்டேன். மறுபடி மிதித்தேன். சிவந்தது.

லைட்டில் இனி ஒரு குறையும் இல்லை. பிரேக் அடிப்பதற்கு வண்டி ஓட வேண்டும்... அது ஒன்றுதான் பாக்கி.