கைக்குட்டை போட்ட சீட்

இன்று காலை பெங்களூரிலிருந்து கோவைக்கு மலிவு டிக்கெட் விமானம். டிக்கெட்டில் சீட் நம்பர் கிடையாது. முதலில் ஏறுகிறவருக்குப் பிடித்த இடம்.

விமானத்தருகே பஸ் எங்களை இறக்கியதும் எல்லோரும் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். எனக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது.

"நீங்க மெதுவா வாங்க, நான் போய் எடம் பிடிக்கிறேன்" என்று என் மனைவி ஸ்டெல்லா முன்னால் ஓடினாள்.

நான் ஏறியபோது உள்ளே வாக்குவாதம். நான் காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று நடைபாதை ஓரத்து சீட்டில் அவள் கைக்குட்டை போட்டிருந்தாள். டை கட்டிய ஒரு தம்பி அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கர்ச்சீஃப் போட்டு வெச்சிருந்தேனே."

"மேடம், இது பஸ் இல்ல."

"பஸ்ஸா இருந்தா யாரும் எடுத்திருக்க மாட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

அவர் எழுந்திருக்கவில்லை. பணிப்பெண் சிரித்த முகத்தோடு கடைசி வரிசையைக் காட்டினாள். கோவை வரை என் முழங்கால் முன்சீட்டில் முட்டிக்கொண்டே வந்தது.

ஓசூர் பஸ்ஸில் ஒரு நாளும் தோற்காத கைக்குட்டை அது. அடுத்த தடவை பெரிய துண்டாகவே எடுத்துப் போகலாம் என்கிறாள். செல்லுமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.