என் பெயரில் போன நிரல்

யார் மேலும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் திண்டிவனத்தில் நடந்த அந்த மென்பொருள் மாநாட்டை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அரசுக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின், விழுப்புரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கணினித் துறைத்தலைவராக இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கரண்டு போகும். மாணவர்கள் பாதி எழுதிய பயிற்சியும் அதோடு போகும். அதைக் காப்பாற்றி, கரண்டு வந்ததும் விட்ட இடத்திலேயே திறந்து கொடுக்கும் நிரல் ஒன்றை எங்கள் ஆய்வக உதவியாளர் எழுதினார். நாற்பது வயதுப் பெண். கூட்டேரிப்பட்டுப் பக்கம், கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவருடையது தற்காலிக வேலை. ஆண்டுதோறும் நிர்வாகம் மனம் வைத்தால்தான் நீடிக்கும்.

துறையிலிருந்து வெளியே போகும் எதுவும் துறைத்தலைவர் பெயரில்தான் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆய்வகக் கணினியில் இருந்தது என் கணக்கு மட்டும். அவர் இரண்டு ஆண்டுகள் எழுதிய ஒவ்வொரு வரியும் என் பெயரோடு இணையத்தில் ஏறியது. மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டார். "பார்க்கலாம்மா" என்றேன். பார்க்கவில்லை.

மாநாட்டுக்கு ஒரு வல்லுநர் வந்திருந்தார். அவருடைய நிரல்களை இருபது ஆண்டுகளாக அச்செடுத்துப் படித்தவன் நான். அந்த நிரலைப் பாராட்ட என்னை மேடைக்கு அழைத்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்ற நிரலின் வரலாறு திரையில் ஓடியது. வரிக்கு வரி என் பெயர்.

"இந்த வயசுல தினமும் காலைல ஏழு மணிக்கு உக்காந்து எழுதியிருக்காரு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏழு மணிக்கு நான் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு கேட்டார்: "கரண்டு வந்ததும் ஏன் சார் பதினஞ்சு செகண்டு சும்மா நிக்குது? உடனே ஃபைலைத் திருப்பி எழுதலாமே?"

எனக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து எங்கள் உதவியாளரின் குரல் வந்தது.

"கரண்டு வந்தா ஒடனே நிக்காது சார். ரெண்டு வாட்டி வந்து வந்து போவும். அதுக்குள்ள எழுதினா ஃபைலு பேஜாராயிடும். அதான் காத்துக்கினு இருக்கு."

அரங்கம் சிரித்தது. வல்லுநரும் சிரித்தார். "அசிஸ்டென்டையே இப்படித் தயார் பண்ணியிருக்கீங்களே சார்!"

அவ்வளவு படித்த மனிதருக்கு, பதில் தெரிந்தவர்தானே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பல மாதம் அவரை மனதுக்குள் திட்டினேன். அவருக்குத் தோன்றாததைச் சொல்ல என் கையில் மைக் இருந்தது. நான் "நன்றி" என்றேன்.

வல்லுநரின் குழுவில் ஓர் இடம் காலி, எழுதிய நிரலைக் காட்டி யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அன்று அறிவித்தார்கள். எங்கள் உதவியாளர் விண்ணப்பித்தார். இரண்டு வாரம் கழித்து என் மேசையில் கைபேசியை வைத்தார்.

"படிங்க சார்."

இது பேராசிரியருடைய நிரலின் நகல். பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுபவரைச் சேர்க்க இயலாது என்றிருந்தது.

"திருடின்னு எழுதியிருக்காங்க. புடுங்கின காட்டுல எங்கம்மா உதிரி மல்லாட்டை பொறுக்கும். அப்பகூட அந்தப் பேரு வாங்கினதில்ல சார் நாங்க."

என் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் காட்டிலும் வேர்க்கடலையை அப்படிப் பொறுக்கினார்கள்.

"நான் அவங்களுக்கு எழுதறேன்மா."

"எப்ப சார்? பார்க்கலாமா?"

உடனே உட்கார்ந்து தட்டினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. 'இந்த நிரலை உருவாக்குவதில் இவர் எனக்குப் பெரிதும் உதவினார்' என்று எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்கும்போதும் என் புத்தி அதுதான். அவர் குனிந்து படித்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியை அழித்துவிட்டு அடித்தார்: 'எழுதியது இவர். நான் ஒரு வரிகூட எழுதவில்லை.'

"கீழ உங்க பேரப் போடுங்க சார். இதுக்கு மட்டும் உங்க பேரு வேணும்."

போட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். தவறாகப் புரிந்துகொண்டதற்கு மனமார்ந்த மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். என்னிடம்.