மாதிரித் தகட்டை யார் தேர்ந்தெடுப்பது?

1. பாதியில் நின்ற வெட்டு

திருவொற்றியூர்ப் பட்டறையின் கொள்முதல் பொறுப்பு என் கைக்கு வந்த வாரமே பழைய வெல்டிங் செட் புகைந்து அடங்கியது. கேஸ் கட்டிங் டார்ச்சும் கசிந்தது. காசிமேட்டில் கரையேற்றியிருந்த இரும்பு விசைப்படகின் துருவேறிய அடித்தகட்டைப் பாதி வெட்டிய நிலையில் நிறுத்தினோம். மீன்பிடித் தடைக்காலம் முடியச் சில நாட்களே இருந்தன.

படகின் உரிமையாளர் செல்வி அக்கா பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். “எல்லா போட்டும் கடலுக்குப் பூடும். என் போட்டு மட்டும் வயித்தக் கிழிச்சிகினு கரையில குந்திகினு இருக்கணுமா?”

“பேஜாராவாத செல்விம்மா, புது மிஷினே வாங்கிடறேன்” என்ற முதலாளி பாஷா பாய், என் பக்கம் திரும்பினார். “மேடையில அந்தப் பேச்சு பேசுறியே நைனா, வா, கடையில வந்து பேசு.”

2. பாரிமுனைக் கடை

விற்பனையாளர், மின்சாரத்தையும் அழுத்தக் காற்றையும் கொண்டு இரும்பை வெட்டும் பிளாஸ்மா கட்டரை இயக்கினார். பளபளத்த புதுத் தகட்டின்மீது நீலச்சுடர் ஓடியது. கோடு கிழித்தாற்போல் தகடு இரண்டாயிற்று. எங்கள் பட்டறையில் தகடு வெட்டும் அந்தோணி அண்ணன் சொக்கிப்போனார். “பாய், இத்த ஏத்திகினு இப்பவே கெளம்பலாம்.”

எனக்கோ நிலைகொள்ளவில்லை. எடுத்துக்காட்டைத் தானே தேர்ந்துகொள்ளும் பேச்சாளன் பாதி வெற்றியோடுதான் வாய் திறக்கிறான். இதைப் போட்டி மேடைகளில் பலமுறை கண்டவன் நான். அந்தப் புதுத் தகடு விற்பனையாளரின் எடுத்துக்காட்டு. எங்கள் தகடோ துருவும் பழைய பெயிண்டும் ஏறியது, கடற்காற்றில் கிடப்பது.

“இதையும், பற்றவைக்க நாங்கள் பார்த்துவைத்த வெல்டிங் இன்வெர்ட்டரையும் காசிமேட்டுக்குக் கொண்டுவந்து இயக்கிக் காட்டுங்கள்” என்றேன்.

“நாளைக்குத்தான் சார் வண்டி.”

பாஷா பாய் கொதித்தார். “ஒரு நாள் பூட்ச்சின்னா அந்தம்மா என்னைக் கிழிச்சிடும். உன் பட்டிமன்றத்த இங்க வெக்காத நைனா!”

“அந்த நாளுக்கு நான் பொறுப்பு, பாய்.”

சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் உட்கார முடியாமல் பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

3. காசிமேட்டுக் கரை

மறுநாள் ஜெனரேட்டர் உறுமியது, கம்ப்ரசர் ஓடியது. பிளாஸ்மா சுடர் எழுந்தது, துப்பியது, அணைந்தது. மீண்டும் எழுந்தது, மீண்டும் அணைந்தது. டார்ச் முனையில் நீர் முத்து முத்தாய்த் துளிர்த்தது.

“ஏர்ல தண்ணி எறங்குது சார். ட்ரையர் ஒண்ணு போட்டா போதும்” என்றார் விற்பனையாளர்.

“கம்ப்ரசரு, ஜெனரேட்டரு, இப்போ ட்ரையரு” என்று அந்தோணி அண்ணன் விரல் மடக்கினார். “அப்பால கடலயும் தொடச்சி வுடணுமா சார்?”

விற்பனையாளரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் கொண்டுவந்த இன்வெர்ட்டர் அதே ஜெனரேட்டரில் பற்றவைக்கும் ஆர்க் சுடர் குலையாமல் நின்றது. முடிவு அங்கேயே பிறந்தது: வெல்டிங்கிற்கு இன்வெர்ட்டர், வெட்டுவதற்குப் புதிய கேஸ் டார்ச், புதிய ஹோஸ். நெருப்பு ஹோஸுக்குள் திரும்பாமல் தடுக்கும் அரெஸ்டர் இல்லாமல் பில் போடக் கூடாதென்று வாதாடி வாங்கினேன். பிளாஸ்மா குறையுள்ள மிஷின் அன்று. கூரைக்குள், உலர்ந்த காற்றில் அது அரசன். எங்கள் வேலை கரையில் இருந்தது.

கடையிலிருந்து டார்ச்சும் ஹோஸும் வந்திறங்கியதும், “பேசி முட்ச்சீங்களா? வெட்டுங்க” என்றார் செல்வி அக்கா.

பெயிண்ட்டைச் சுரண்டி, வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைத்தோம். இனிச் சோதனை. வெளிப்புறம் ஜாயிண்ட் நெடுகச் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவினோம். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் கறை தெரிந்துவிடும். நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“தம்பி, சும்மா நில்லு. எனுக்குத் தல சுத்துது” என்ற செல்வி அக்கா, குனிந்து ஜாயிண்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணால் அளந்தார். எங்கும் கறை இல்லை. “வெள்ளையாவே கீது. எறக்குங்க.”

படகு நீரைத் தொட்டபோதும் என் கால்கள் நிலைகொள்ளவில்லை. பில் போட்டவுடன் தேர்வு முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள், இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வரும் இளையோரே. அந்த மிஷின் போட்ட ஜாயிண்ட் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை அது நடந்துகொண்டேயிருக்கும்.