இடது பாதி

நோயாளிகள் சாப்பிட்ட தட்டைக் கையில் வாங்கியதும் கழுவும் வண்டியில் போட்டுவிட மாட்டார். ஒரு நொடி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். வார்டில் எல்லோருக்கும் அவர் தட்டக்கா. மூளைக்கட்டி வார்டில் ஒன்பது வருடம் தட்டு எடுத்துவிட்டுப் பொது வார்டுக்கு மாறி வந்தவர்.

"கட்டின்னா எல்லாரும் தலையப் பிடிச்சிட்டு உக்கார மாட்டாங்க. ஒருத்தரு விடிஞ்சதும் வாந்தி எடுப்பாரு. ஒருத்தருக்கு டம்ளர் கைய விட்டு நழுவும். பரம சாது ஒருத்தரு டாக்டரையே கெட்ட வார்த்தையில திட்டுனாரு. ஆபரேஷன் முடிஞ்சதும் வெக்கப்பட்டுப் போர்வைக்குள்ள பூந்துக்கிட்டாரு!" என்று கதை சொல்வார்.

அன்று, தலைவலி என்று வந்து சேர்ந்திருந்த ஒரு தையல்காரரின் தட்டில் வலது பாதி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இடது பாதியில் கையே படவில்லை. "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாக்கா?" என்று வேறு கேட்டார். தட்டக்கா தட்டை அப்படியே திருப்பி வைத்தார்.

"அட, இது எங்கேருந்து வந்துச்சு!" மிச்சத்தையும் சாப்பிட்டார்.

ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதி, மதியம் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். சட்டை மாட்டிக் கிளம்பத் தயாரானார். இடது கை மட்டும் சட்டைக்கு வெளியே.

"ஊருக்கெல்லாம் கை வெச்சுத் தைக்கிற மனுஷன், தன் கைய மறந்துட்டாரு பாருங்கக்கா" என்று மனைவி சிரித்தார். தட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டக்கா நர்ஸிடம் போய்ச் சொன்னார். "நீங்க தட்டப் பாருங்கக்கா, தலைய நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ்.

அதுவும் சரிதானே என்று தோன்றியது. எட்டாவதோடு நின்ற படிப்பு. தப்பாகப் போனால் வேலைக்கே உலை. ஆனால் அந்த மனிதர் வாசலைத் தாண்டிவிட்டால்? ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைத் தட்டு வண்டியால் மறித்தார்.

"ஐயா, தட்டத் திருப்பி வெச்ச பிறகுதான் அவருக்கு மிச்சம் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ பாத்துடுங்க."

முறைத்துக்கொண்டே போன டாக்டர், தையல்காரரின் இடப்பக்கம் நின்று பேனாவை ஆட்டினார். தையல்காரர் திரும்பவே இல்லை. சாயங்காலம் ஸ்கேனில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி.

"நான் சொன்னது பொய்யாப் போயிருக்கக் கூடாதா" என்று தட்டக்கா பாத்திரம் கழுவும் இடத்தில் புலம்பித் தீர்த்தார்.

மூன்றாம் நாள் காலை தையல்காரரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பேருக்கு வந்த சாப்பாடு மிஞ்சியது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், கூட இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது வார்டு சட்டம். தட்டக்கா காலிக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் தட்டை வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை திரைக்கு வெளியே காவல் நின்றார்.