எதிர்க்கடை வாசலைப் பெருக்கிய பீர் பாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலில் ஒரு வாடகை வழக்கின் வாய்தாவுக்காகக் காத்திருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பஜார் தையல்காரர் முருகன் போனில் பேசினார். "சார், பீர் பாய் போயிட்டாவ. கடையைத் தொறந்துட்டு உக்காந்தவிய, அப்படியே சாஞ்சிட்டாவ." சற்று நிறுத்தி, "உங்ககிட்டச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சோம்" என்றார். எதிரெதிர்க் கடைக்காரர்கள் நாங்கள். எனக்குச் சொல்லவே யோசித்திருக்கிறார்கள்.

ராஜபாளையம் பழைய பஜாரில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்றவர் பீர் பாய். எதிரே என் ஜவுளிக்கடை. வியாபாரமெல்லாம் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. சோழபுரத்துக்காரர்களும் செட்டியார்பட்டிக்காரர்களும் பஜாருக்குள் நுழைவதையே விட்டிருந்தார்கள். அப்போது தெருவை மீட்க வேண்டும் என்று வியாபாரிகள் சங்கத்தில் முதலில் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். இன்று அந்தப் பெருமைக்கு ஆளுக்கொருவர் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் வேலையாகத் தன் கடை முகப்பை மறைத்திருந்த தகரக் கூரையைப் பிரித்துப் போட்டார் பாய். உள்ளே அவருடைய பாட்டனார் கட்டிய சுண்ணாம்பு வளைவும் தேக்கு ஜன்னலும் தூசி மண்டிக் கிடந்தன.

"வெயில் அடிக்குமே பாய்" என்றேன்.

"அடிக்கட்டும் தம்பி. பஜாருக்கு வயசாயிட்டுன்னு சொல்லுதானுவ. மூஞ்சியைத் தகரத்தால மூடி வச்சுக்கிட்டு வயசைப் பத்திப் பேசுனா எப்படி?"

அந்தக் கோடைக்குள் பாதித் தெரு தகரத்தை இறக்கியது.

குப்பைதான் தீராத தலைவலி. தன் வாசலைப் பெருக்கிப் பக்கத்துக் கடை வாசலில் தள்ளுவது எங்கள் பஜாரின் பரம்பரை வழக்கம். பாய் ஒரு விதி கொண்டுவந்தார். இனி யாரும் தன் வாசலைப் பெருக்கக் கூடாது, எதிர்க்கடை வாசலைத்தான் பெருக்க வேண்டும். பாத்திரக்கடை ராமசாமி குதித்தார். "எதிர்த்தாப்புல இருக்கது எங்க சம்பந்தி. அவரு வாசலை நான் பெருக்கவா?"

"பொண்ணையே குடுத்துட்டீரு, தொடப்பத்தைப் பிடிக்கதுக்கு என்னவே கூச்சம்?"

சிரிப்பு அடங்குமுன் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மறுநாள் காலை ராமசாமியும் சம்பந்தியும் ஒருவர் வாசலை ஒருவர் பெருக்கியதைத் தெருவே நின்று பார்த்தது. அதன் பிறகு குப்பையைத் தள்ளிவிட யாருக்கும் மனம் வரவில்லை.

எங்களைப் பிரித்தது வண்டி. பகலில் பஜாருக்குள் வாகனமே வரக் கூடாது, பெண்களும் குழந்தைகளும் நிம்மதியாக நடக்க வேண்டும் என்று நான் ஒரு திட்டம் எழுதினேன். பாய் அதைப் படித்துவிட்டு, "நான் இருக்கேன் தம்பி" என்றார். கூட்டத்தில் மற்றவர்கள் வண்டி வராவிட்டால் வியாபாரமே போய்விடும் என்று கூச்சல் போட்டதும் அவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கினார். வெளியே வந்து கேட்டேன்.

"அவனுவ கடையைப் பூட்டிட்டுப் போயிட்டா, நாம ரெண்டு பேரும் அழகான தெருவுல நின்னு யாரு மூஞ்சியைப் பாக்கதுக்கு?" என்றார்.

"வாக்குக் குடுத்தீங்களே பாய்."

"குடுத்தேன் தம்பி."

அவ்வளவுதான். ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. அன்றே நான் சங்கத்தை விட்டு விலகினேன். அவரோடு பேச்சும் நின்றது. நான் சொன்னதுதான் சரி என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. சேலை எடுக்க வரும் பெண்கள் பைக் சைலன்ஸரில் காலைச் சுட்டுக்கொள்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் பெருக்குவதை அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. காலையில் அவர் வாசலில் நான், என் வாசலில் அவர். முகம் பார்க்க மாட்டோம். அவருடைய துடைப்பத்தின் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

நான் பஸ் பிடித்து ஊர் சேர்ந்தபோது பாயைச் சுமந்துகொண்டு ஜனாஸா பஜாருக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கள் வழக்கப்படி எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. தெருவின் இரு முனைகளிலும் பெஞ்சைக் குறுக்கே போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அன்று எனக்கு எதிராகக் கூச்சல் போட்ட அதே வியாபாரிகள்தான். ஹாரன் இல்லை. கால்களின் ஓசை மட்டும் கேட்டது. நான் கேட்ட தெரு அதுதான். "பாத்தீங்களா பாய்" என்று சொல்ல வாய் வரை வந்தது. யாரிடம் சொல்வது?

அவரைப் புகழ ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரோடு சண்டையில் இருந்தவன் நான் ஒருவன்தான். சமாதானம் பேச இனி ஆள் இல்லாததால் அந்தச் சண்டையை நானே வைத்துக்கொள்கிறேன். பூட்டிய கடையின் வாசலைத் தினமும் பெருக்குகிறேன். என் வாசலில் குப்பை கிடக்கிறது. அவருடைய விதிப்படி அதை நான் தொடக் கூடாது.