செல்லப்பாண்டி கொடிக்காலுக்கு வெளியே நின்ற நாள்

செல்லப்பாண்டி போய்விட்டான். காலையில் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி... அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் விவசாயப் படிப்பு. ஒரு லெக்சரர் பாடம் நடத்தாமல் போர்டில் எழுதினார்: ‘சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். கிழக்குப் பாதி வாடுகிறது. ஏன்?’ பிறகு வெளியே போய்விட்டார்.

இன்று இதற்கு ‘பிராப்ளம் பேஸ்டு லேர்னிங்’ என்று பெயர் வைத்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். அன்று நாங்கள் பிரின்சிபாலுக்குப் புகார் எழுதினோம்.

பாண்டியும் நாங்கள் மூவருமாக நால்வர் ஒரு குழு, ஆளுக்கொரு ரிப்போர்ட். பாண்டி அந்தப் பேப்பரில் ஏற்கெனவே ஒருமுறை பெயில். இன்னொரு முறை என்றால் படிப்பை நிறுத்திவிட்டு அண்ணனோடு காளவாசலில் லோடு இறக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

தோட்டக்காரர் வரப்பிலேயே மறித்தார். “செருப்புக் காலோட கொடிக்காலுக்குள்ள வரப்படாது தம்பி.”

நாங்கள் கழற்றினோம். பாண்டி போட்டிருந்தது அண்ணனின் ஷூ. அம்புட்டு இறுக்கம், இருவர் பிடித்து இழுத்தும் வரவில்லை. “நீங்க போங்கடா, நான் இங்கனயே நிக்கிறேன்” என்றான்.

உள்ளே நாங்கள் இலை பறித்தோம், மண் அள்ளினோம், ஒரு பூஞ்சையின் லத்தீன் பெயரில் சண்டை போட்டோம். இரண்டு மணி நேரம்.

வெளியே வந்ததும் பாண்டி சொன்னான்: “மாப்ள, உள்ள போற தண்ணி வெளிய வரவே மாட்டேங்குதுடா.”

கிழக்கோரம் வண்டிப்பாதைக்குக் கொட்டிய மண், வடிகாலை மூடியிருந்தது.

“அது தோட்டத்துக்கு வெளிய இருக்கு. கேள்வி தோட்டத்தைப் பத்தி” என்றேன். ஆம், நான்தான்.

அவன் மண்வெட்டி கேட்டு வாங்கி வடிகாலைத் திறந்துவிட்டான். எங்கள் ரிப்போர்ட் ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம். அவனுடையது இரண்டு வரி.

லெக்சரர் படித்தார். “வாட்டம் நின்னா மார்க். நிக்கலைன்னா இல்ல.”

அதன்பின் ஞாயிறுதோறும் சோழவந்தான் பஸ். திரும்பி வந்து ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, “இன்னும் ஒரு மாத்தமும் தெரியலடா” என்பான். யாரும் கேலி செய்யவில்லை. லோடு இறக்கும் கதை எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாவது வாரம் தோட்டக்காரரே ஒரு கட்டு வெற்றிலையோடு டிபார்ட்மென்ட்டுக்கு வந்துவிட்டார். “சார், புதுசா ஒரு கொடியும் வாடல. ஏற்கெனவே வாடுனதுலயும் பாதி துளிர்த்திருச்சு.”

லெக்சரர் ஒரு வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாஸ். மீதிப் பாதி ஏன் துளிர்க்கல?”

“தெரியல சார்.”

“அப்ப அடுத்த வாரமும் போ.”

போனான்!

நாங்கள் மூவரும் அந்தப் பூஞ்சையின் பெயரை இன்னும் திருத்தமாக எழுதி, அடுத்த வருடம் பாஸானோம்.

போய்ட்டு வா மாப்ள.