நேராக வந்த கோடு

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் அலுவலகம் செய்யும் எதையும் வெளியே போகுமுன் நோண்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லிவிடுவேன். அக்காதான் பாவம், கேட்டுக்கொண்டே பரிமாறுவாள். வலியசாலை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அந்த வருஷம் ஒரு காட்சிக்கூடத்துக்காகச் சுவர் உயரத்துக்கு ஒரு தொடுதிரை செய்தோம். பழைய கோயில் சுவரோவியம் ஒன்றின் வெளிக்கோடு அதில் மங்கலாகத் தெரியும். வருகிறவர் விரலால் அதன்மேல் வரைந்துகொண்டே போனால் காவியும் மஞ்சளும் பச்சையும் தானாக நிறைந்து சாமி முகம் எழுந்து வரும். எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைக் கொஞ்சம் நிற்க வைக்கும் ஏற்பாடு. சோதனைக்கு ஒரு சனிக்கிழமை வீட்டு ஆட்களை அழைத்து வரச் சொன்னார்கள். அக்காவைக் கூட்டிப் போனேன்.

கிரீடத்தின் வளைவில் அவள் விரலை வைத்தாள். கோடு நெளிந்து நெளிந்து வந்தது. சட்டென்று கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தேன். திரைதான் சரியில்லை என்று நானே அவளுக்குச் சமாதானம் சொல்லி, திரையில் கோளாறு என்று அன்றே எழுதிப் போட்டேன்.

திரையைச் செய்த ஆட்கள் வந்து பார்த்து ஒரு குழப்பமும் இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். வேறு யார் வரைந்தாலும் கோடு ஒழுங்காகத்தான் வந்தது. நான் விடவில்லை. என் அக்கா போர்டில் ஒரே வீச்சில் வட்டம் போடுகிறவள், அவளுக்கே கோணுகிறதென்றால் ஊர்ஜனம் என்ன செய்யும் என்று மீட்டிங்கில் சத்தம் போட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல், விரல் எப்படிப் போனாலும் கோடு வெளிக்கோட்டின் மேலேயே நெளியாமல் நேராக வரும்படி புரோகிராமை மாற்றினார்கள். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அடுத்த சோதனைக்கும் அக்கா வந்தாள். இந்த முறை கிரீடம், காது, கண் எல்லாம் பிசிறில்லாமல் வந்தன. பின்னால் ஆட்கள் காத்திருந்தும் நகராமல், இன்னொன்று, இன்னொன்று என்று வரைந்துகொண்டே இருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. வெளியே வந்ததும் யாருக்கோ போன் செய்து, தான் திங்கட்கிழமை வரப்போவதில்லை என்று சொன்னாள்.

திரும்பும் வழியில் பழவங்காடியில் இறங்க வேண்டும் என்றாள். பிள்ளையார் கோயில் வாசலில் உடைக்கிற தேங்காய் ஒன்று வாங்கினாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"கை நன்னாத்தான்டா இருக்கு. நாலு மாசமா நடுங்கறதேன்னு வெறுதே பயந்துண்டிருந்தேன். இன்னிக்கு நீயே பாத்தியே, ஒரு கோடாவது கோணித்தோ? நரம்பு டாக்டர்ட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

தேங்காய் அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கையை நான் பார்த்தேன். நாலு மாதமும் எனக்குச் சாதம் போட்ட கை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. திங்கட்கிழமையை நினைத்தபோது முடியவில்லை. கோடு நேரானது அவள் கையால் இல்லை, நான் சண்டை போட்டு மாற்ற வைத்ததால் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். தேங்காயை என்னிடம் கொடுத்தாள்.

"ஆத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமேடா," என்றாள். "ஒடச்சுட்டு வந்திருப்பேன்."